எங்கக்கா கேட்ட கேள்வி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

நிரஞ்சன், பேருந்து நிறுவனத்தின் மக்கள் கருத்துப் பிரிவு அதிகாரி. கோயம்புத்தூர்க்காரர், வயது இருபத்தொன்பது. காரில் வந்தார்.

ஜோதிலிங்கம், ஏரிமேடு குடியிருப்போர் சங்கத் தலைவர். சால்வை போடுவார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார்.

டில்லிபாபு, ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பேருந்தைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் வந்தார்.

செல்லக்கிளி, மீன் விற்பவர், மூன்றாம் மாடி. அன்றைக்கு மீன் வரவில்லை, அதனால் அவர் வந்தார்.

ரூபாவதி, செல்லக்கிளியின் எதிர்வீடு. காலையில் பேருந்து வராததால் வேலைக்குப் போக முடியாமல் வந்தார்.

மற்றும் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருநூறு, மிக்சர் பொட்டலங்கள் இருநூறு.

வராதவர்கள், மீதி நாலாயிரத்துச் சொச்சம் பேர். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் பேருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், பேருந்தில் போகிறவன் எப்படி வருவான்? சங்கத்தின் குறிப்பேட்டில் மட்டும் ‘திரளான பொதுமக்கள் கலந்துகொண்டனர்’ என்று இருக்கிறது. அதை எழுதியவர் ஜோதிலிங்கம்.

ஏரிமேட்டில் முன்பு ஏரி இருந்தது. அதை மேடாக்கினார்கள், பெயர் கிடைத்தது. மேட்டின்மேல் எட்டு மாடிக் கட்டடங்கள் பன்னிரண்டு எழுப்பி, நகரத்துக்குள் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் அள்ளி வந்து இறக்கினார்கள். ஆற்றோரத்தில் இருந்தவரை எல்லோரும் வேலைக்கு நடந்தே போனார்கள். இப்போது வேலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஆட்கள்தான் இருபத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டார்கள். நடுவில் இருந்தது பேருந்து ஒன்றுதான்.

அந்தப் பேருந்தும் பழைய பேருந்து இல்லை. நகரத்தில் வழித்தட எண்ணையும் கால அட்டவணையையும் ஒழித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. நடத்துநரை அதற்கு முன்பே ஒழித்தார்கள், ஓட்டுநரை அதற்குப் பிறகு. ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு நீலக் கம்பம் நட்டிருந்தது. வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து அது இனிமையான பெண் குரலில், “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்கும். இன்றைக்கு நாம் சொன்ன பதில்களை வைத்து நாளைக்கு எத்தனை வண்டி, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று அதுவே முடிவு செய்யும். நிறுவனம் அதற்குப் ‘பயணத் தோழி’ என்று பெயர் வைத்திருந்தது. ஏரிமேட்டில் அதை எல்லோரும் ‘எங்கக்கா’ என்றார்கள். எப்போது பார்த்தாலும் எங்கே, எங்கே என்று கேட்டதால் வந்த பெயர்.

திட்டம் தொடங்கிய மாதம் ஏரிமேட்டுக்கு இருபத்திரண்டு வண்டி வந்தது. பிறகு பதினான்கு. பிறகு ஏழு. கூட்டம் நடந்த அன்று மூன்று.

இது ஏன் என்று நிரஞ்சன் திரையில் படம் போட்டுக் காட்டினார். குடியிருப்பில் எண்பத்துமூன்று சதவீதம் பேர், எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு ‘இங்கதான்’ என்று பதில் சொல்லியிருந்தார்கள். பதினொரு சதவீதம் பேர் கேள்வியைக் கேட்டதும் மனம் மாறி வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். மீதி ஆறு சதவீதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் மட்டும் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லியிருந்தார்கள், அவர்களுக்கு இன்னும் விவரம் தெரியாது. வருகிற மூன்று வண்டியும் அவர்கள் புண்ணியத்தில் வருபவை.

ஆகவே ஏரிமேட்டு மக்கள் எல்லாத் தேவையையும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள் என்று நிறுவனம் கண்டுபிடித்திருந்தது. நாட்டிலேயே முதல் ‘நடந்தே வாழும் குடியிருப்பு’ என்று அதற்கு விருது. ஜோதிலிங்கத்துக்குச் சால்வை போட்டுக் கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். சங்கத் தலைவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருநூறு நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

ரூபாவதி எழுந்தாள். அவள் நகரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தக் கூலி. ஆறரைக்குள் கட்டைவிரல் வைக்க வேண்டும். அன்றையதையும் சேர்த்து இரண்டு நாள் தவறிவிட்டது. மூன்றாவது தடவை தவறினால் வரவே வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். அந்த வேலை போனால் அவளுக்கு வேறு கதியில்லை. நாற்பத்திரண்டு வயதில் புதிதாக ஒரு வேலையைப் பிடிக்கவும் முடியாது, பிடித்தாலும் அதற்கும் இருபத்தொன்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

“சார், ஒரு டவுட்டு,” என்றாள். “இங்கதான்னா எங்கன்னு உங்க மெஷினு நெனச்சுக்கினு கீது?”

“இங்கதான்னா…” நிரஞ்சன் திரையைத் திரும்பிப் பார்த்தார். “இங்கதானுங்க.”

“அதான் இல்ல. காலைல கெளம்பறவங்கள நிறுத்தி எங்க போறன்னு யாராவது கேப்பாங்களா? கேட்டா போற காரியம் வெளங்குமா? அதுக்கு வெவரமா பதில் வேற சொன்னா அம்மாந்தான். அதனால இங்கதான்னு சொல்லிட்டுப் போறது. இந்த டில்லிபாபு திருப்பதிக்குப் போனாலும் இங்கதான், மாமியா வூட்டுக்குப் போனாலும் இங்கதான். எங்க வூட்டுக்காரரு எட்டு வருசம் முன்ன இங்கதான்னு சொல்லிட்டுப் போனாரு. உங்க கணக்குப்படி அவரு ஒரு கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கணும். கொஞ்சம் தேடிக் குடுங்க.”

செல்லக்கிளி மிக்சர் புரையேறி இருமினாள். மனம் மாறித் திரும்பியவர்கள் யார் என்று நிரஞ்சன் கேட்டார். அவர்கள் யாரும் மனம் மாறவில்லை என்றும், சகுனத் தடை கழிய வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிறார்கள் என்றும் ரூபாவதி விளக்கினாள். மறுபடி கிளம்பினால் மறுபடி கேட்கிறது. மறுபடி தண்ணீர். ஏழாவது கட்டடத்து அமிர்தம்மாள் ஒருநாள் ஆறு சொம்பு குடித்துவிட்டு, கடைசியில் வேறு காரணத்துக்காக வீட்டைவிட்டு வெளியே போக முடியாமலே நின்றுவிட்டாள்.

நிரஞ்சன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடினார்.

“எங்கம்மாவும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க,” என்றார். “எனக்குத் தோணவே இல்ல பாருங்க.”

அப்படியானால் விருதின் கதி என்ன என்று ஜோதிலிங்கம் கேட்டார். கேடயத்தைச் சால்வைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

ரூபாவதிக்கு ஏரிமேட்டில் ஒரு தனி மதிப்பு இருந்தது. முகராசிக்காரி என்று பெயர். அவள் முகத்தில் விழித்துவிட்டுக் கிளம்பினால் காரியம் ஜெயம். டில்லிபாபு காலையில் அவள் படியிறங்கி வரும்வரை ஆட்டோவைக் கிளப்ப மாட்டான். செல்லக்கிளி அவள் கையால்தான் போணி பண்ணுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் பால் காய்ச்ச அவளைத்தான் கூப்பிட்டார்கள். கட்டியவன் ஓடிப்போனவள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் போனதே அவள் ராசி என்று செல்லக்கிளி சொல்வாள்.

மருத்துவமனையில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் வார்டு வேலை என்று ரூபாவதி சொல்லிவைத்திருந்தாள். வார்டில் படுத்திருந்தவர்கள் கடைசியில் அவளிடம்தான் வருவார்கள் என்பதால் அது பெரிய பொய்யும் இல்லை. அவள் வேலை செய்தது பிணவறையில். உடலைக் கழுவி, துணி சுற்றி, பெயர்ச்சீட்டைச் சரிபார்த்து, வெளியே அழுதுகொண்டிருப்பவர்களிடம் ஒப்படைக்கிற வேலை. அவளுக்கு அதில் அருவருப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. படுத்திருப்பவர்கள் எவரும் அவளைத் திட்டியதில்லை. வேலை முடிந்து தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஆனாலும் ஏரிமேட்டில் இது தெரிந்தால் பால் காய்ச்ச யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ‘இங்கதான்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்த ஐந்தாம் நாள் எங்கக்கா கேள்வியை மாற்றிக்கொண்டது. எங்கே என்று கேட்பதுதானே குற்றம், நாகரிகம் தெரிந்தவர்கள் ‘தூரமா?’ என்று கேட்பார்களாம், அப்படியே கேட்கச் சொல்லிவிட்டேன் என்று நிரஞ்சன் ரூபாவதிக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார். மறுநாள் காலையில் டில்லிபாபு படியிறங்கினான். “தூரமா?” என்றது எங்கக்கா.

“தூரம்லாம் இல்ல, இங்கதான்,” என்றான் டில்லிபாபு.

அடுத்த வாரம் வண்டி இரண்டாகக் குறைந்தது.

ரூபாவதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பன்னிரண்டு கட்டடமும் ஏறி இறங்கினாள். கதவைத் தட்டித் தட்டி எல்லோரிடமும் சொன்னாள். மனுஷன் கேட்டால்தான் சகுனம், இரும்புக் கம்பம் கேட்டால் என்ன? போகிற இடத்தின் பேரைச் சொல்லித் தொலையுங்கள், ஒரு மாதம் சொன்னால் பழையபடி இருபத்திரண்டு வண்டி வரும். எல்லோரும் தலையாட்டினார்கள். காப்பி கொடுத்தார்கள். எட்டாம் மாடியில் ஒருவர், படித்த ஜனங்கள்கூட இப்படி மூடத்தனமாக இருக்கிறார்களே என்று அரைமணி நேரம் வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை விடிகாலையில் ரூபாவதி கம்பத்தின் முன் நின்றாள். அவளுக்குப் பின்னால் நாலு பேர். செல்லக்கிளி கூடையோடு இரண்டாவதாக நின்றாள். “தூரமா?” என்றது எங்கக்கா. ரூபாவதி வாயைத் திறந்தாள். மருத்துவமனை என்று சொன்னால் போதும். ஆனால் மருத்துவமனையில் எந்த வாசல் என்று அது அடுத்து கேட்கும். அப்படிக் கேட்கும் என்று நிரஞ்சனே சொல்லியிருந்தார். பின்னால் செல்லக்கிளியின் மூச்சு கழுத்தில் பட்டது.

“இங்கதான்,” என்றாள் ரூபாவதி.

பின்னால் நின்ற நாலு பேரும் நிம்மதியாக அதையே சொன்னார்கள். அன்று டில்லிபாபுவின் ஆட்டோவில் பதினோராவது ஆளாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய், அங்கிருந்து காய்கறி வேன் பிடித்து, ஆறு இருபத்தெட்டுக்குக் கட்டைவிரல் வைத்தாள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “செத்தவங்களுக்கு டைம் கெடக்கு, வாங்கிக்கினு போறவங்களுக்கு இல்ல. ரெண்டு நிமிசந்தான் உன் உசுரு, தெரிஞ்சுக்க,” என்றான்.

மதிய இடைவேளையில் அவள் நிரஞ்சனைக் கூப்பிட்டாள். ஏரிமேட்டு ஜனங்கள் உயிர் போனாலும் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னாள். தன்னையும் சேர்த்து என்று சொல்லவில்லை.

இன்னொரு வழி இருக்கிறது என்றார் நிரஞ்சன். வாயைக் கேட்காமல் காலைக் கேட்பது. எல்லோரிடமும் பயண அட்டை இருக்கிறது. நகரம் முழுக்க நீலக் கம்பங்கள் இருக்கின்றன. அட்டை எந்தக் கம்பத்தைத் தாண்டினாலும், ஆட்டோவில் போனாலும் வேனில் போனாலும், அது பதிவாகிறது. யார் எங்கே போய் இறங்குகிறார்கள் என்று எங்கக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். குடியிருப்பின் சம்மதம் இல்லாமல் அதை எடுத்துப் பார்க்கக் கூடாது என்றுதான் விதி. சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும். இல்லையென்றால் யாராவது ஒருவர் பொறுப்பேற்று முந்நூறு கையெழுத்து வாங்கித் தர வேண்டும்.

“அத எடுத்துப் பாத்தா யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள் ரூபாவதி.

“யாருக்கும் தெரியாதுங்க. எனக்கே தெரியாது. மெஷினுக்கு மட்டுந்தான்.”

“அது யார்கிட்ட சொல்லப் போவுது,” என்றாள் ரூபாவதி.

பின்னால் இந்த வார்த்தையை அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள். காலை முதல் மாலை வரை வாய் ஓயாமல் பேசுகிற ஒரு சாமானைப் பற்றி இப்படிச் சொல்ல ஒருத்திக்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்க வேண்டும்.

ஜோதிலிங்கம் கையெழுத்துப் போட மறுத்தார். கேடயம் அதற்குள் அவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. ரூபாவதி மறுபடி பன்னிரண்டு கட்டடமும் ஏறினாள். எங்கே போகிறோம் என்று சொல்லச் சொன்னபோது காப்பி கொடுத்து அனுப்பியவர்கள், எங்கே போகிறோம் என்பதை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டபோது படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். சொன்னால்தான் தோஷம். முந்நூறுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கிடைத்தது. முதல் கையெழுத்து ரூபாவதியுடையது. கைராசி என்று செல்லக்கிளிதான் அவளை முதலில் போடச் சொன்னாள்.

அடுத்த பத்து நாள் ஏரிமேடு திருவிழா மாதிரி இருந்தது. ‘இங்கதான்’ என்று எவன் சொன்னாலும் அவனுடைய இங்கே எது என்று எங்கக்காவுக்குத் தெரிந்தது. இருபத்துநாலு வண்டி வந்தது. மீன் துறைமுகத்துக்கு ஒன்று, துணிக்கடைத் தெருவுக்கு இரண்டு, மருத்துவமனைப் பக்கம் சரியாக ஐந்து பதினைந்துக்கு ஒன்று. ரூபாவதி ஆறு ஐந்துக்கே போய் இறங்கி டீ குடித்துவிட்டுக் கட்டைவிரல் வைத்தாள். டில்லிபாபு மட்டும் காலி ஆட்டோவில் சாய்ந்தபடி வருகிற போகிற வண்டியை எண்ணினான். “யக்கா, உன் மொகத்துல முழிச்சுக்கினே இருந்தேன், கடைசில எனக்கே ஆப்பு வெச்சுட்டியே,” என்று அவளிடம் சொன்னான். ஆனாலும் அவள் இறங்கி வரும்வரை காத்திருப்பதை விடவில்லை.

இவ்வளவு வண்டி வந்ததால் ஒரு சின்னச் சிக்கல். எந்த வண்டி எங்கே போகிறது என்று தெரியாமல் ஆட்கள் மாறி ஏறினார்கள். அமிர்தம்மாள் பூக்கடைக்கு என்று ஏறித் துறைமுகத்தில் போய் இறங்கினாள். நிறுவனம் உடனே மக்கள் கருத்துக் கேட்டது. எங்கள் வண்டி எது என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்று மக்கள் கருத்துச் சொன்னார்கள். ஏரிமேட்டார் நிறுவனத்துக்கு உண்மையாகச் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

பதினோராம் நாள் காலையில் எங்கக்கா கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தது.

நல்ல கணீர்க் குரல். முதலில் வந்த ஜோதிலிங்கத்தைப் பார்த்து, “வணக்கம் ஜோதிலிங்கம், மாநகர நூலகம், இரவு பகல் குளிர்சாதன அறை வரை. உங்கள் வண்டி ஐந்து பத்து,” என்றது. தினமும் கட்சி அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். வரிசையில் சிரிப்பு எழுந்தது. மாமியார் வீட்டுக்கு என்று கிளம்பி இரண்டாவதாக நின்றவன் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிற ஓர் இடத்தின் பெயரைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். சிரிப்பு இன்னும் கூடியது. ரூபாவதி படியிறங்கி வரும்போது வரிசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முகராசிக்காரி வந்துவிட்டாள் என்று வழிவிட்டு அவளை முன்னால் அனுப்பினார்கள்.

முன்னால் நின்றவனிடம் எங்கக்கா இடத்தின் பெயரைச் சொன்னதைக் கேட்டு, அவளுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. அட்டையைப் பைக்குள் அழுத்திக்கொண்டு பின்வாங்கப் பார்த்தாள். ஆனால் செல்லக்கிளியின் கூடை முதுகில் இடித்தது.

“வணக்கம் ரூபாவதி, பிணவறை வாசல் வரை. உங்கள் வண்டி ஐந்து பதினைந்து. இனிய நாளாகட்டும்,” என்றது எங்கக்கா.

ஒருவன் வீட்டில் எதையோ மறந்துவிட்டதாக முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் படியேறினான். அப்புறம் இன்னொருத்தி. செல்லக்கிளி கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஆறு வருடமாக எந்தக் கையால் போணி பண்ணினாளோ அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, “ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன் ரூபா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். டில்லிபாபு ஆட்டோவுக்குள் குனிந்து பிரேக் பெடலை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அன்று ஐந்து பதினைந்து வண்டியில் ரூபாவதியும், சிரிப்புக்குப் பயந்து ஒதுங்கி நூலகத்து வண்டியைத் தவறவிட்ட ஜோதிலிங்கமும் போனார்கள். ஜோதிலிங்கம் கடைசி இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சில நாட்களில் ஏரிமேடு பழைய கணக்குகளைத் தூசி தட்டி எடுத்தது. டில்லிபாபுவின் ஆட்டோ போன மாதம் பஞ்சரானது. நாலாம் மாடிப் பெண்ணுக்கு நிச்சயம் நின்றுபோனது. அமிர்தம்மாள் துறைமுகத்தில் இறங்கியது. அத்தனைக்கும் காரணம் கிடைத்துவிட்டது. அதே ஆறு வருடத்தில் நடந்த கல்யாணங்களையும் பிரசவங்களையும் எவரும் எண்ணவில்லை. புதிதாகக் குடிவந்த சாவித்திரி, ரூபாவதி பால் காய்ச்சிக் கொடுத்த பானையை எடைக்குப் போட்டுவிட்டாள். யாரும் ரூபாவதியைத் திட்டவில்லை. ஏரிமேட்டுக்காரர்கள் நல்லவர்கள். அவள் வருகிற நேரத்துக்கு வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். வந்துவிட்டால் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள், தண்ணீர் குடித்தார்கள்.

செல்லக்கிளி ஒருநாள் மாலை அவள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றபடி பேசினாள். உள்ளே வரவில்லை. “தப்பா நெனச்சுக்காத ரூபா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வாங்க வர்றவங்க கேக்கறாங்க, இன்னா பண்ணச் சொல்ற,” என்றாள்.

“பொணத்தக் கழுவுற கையி, மீனக் கழுவுற கையி,” என்றாள் ரூபாவதி. “ரெண்டும் செத்ததுதான் செல்லக்கிளி. என்னுது மட்டும் நாறாது, ஐஸ்ல கீது.”

செல்லக்கிளி சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

நீலக் கம்பத்தின் கணக்கில் இதெல்லாம் வேறு மாதிரி விழுந்தது. காலை ஐந்து பத்துக்கும் ஐந்து இருபதுக்கும் நடுவில் மட்டும் ‘மனம் மாறியவர்கள்’ எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஐந்து பதினைந்து வண்டி கிட்டத்தட்டக் காலியாகப் போனது. ஆள் இல்லாத வண்டியை எங்கக்கா விட்டுவைக்காது. ரூபாவதிக்கு அது தெரியும். தினமும் வண்டியின் விளக்கு திருப்பத்தில் தெரியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் பேசாதது ஒரு பக்கம் இருக்கட்டும், வண்டி வராவிட்டால் கட்டைவிரல் வைக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை நிரஞ்சன் வந்தார். இந்தத் தடவை கார் இல்லை, பேருந்தில் வந்திருந்தார். ரூபாவதி வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். அறிவிப்பை நிறுத்திவிட்டேன், என் தப்புதான், அதை முதலில் யோசித்திருக்க வேண்டும் என்றார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

“அஞ்சு பதினஞ்சு ஏன் காலியாப் போகுதுன்னு அதுவே ஆராய்ச்சி பண்ணியிருக்குங்க. ஒரு பயணி நிக்கறப்ப மட்டும் மத்தவங்க திரும்பிப் போறாங்கன்னு கண்டுபிடிச்சிருக்கு. இதுல பேரெல்லாம் அது பாக்காதுங்க, வெறும் அட்டை எண்ணு. அந்த எண்ணத் தனியா பிரிச்சிட்டா மத்த எல்லாரும் ஒழுங்காப் போவாங்கன்னு முடிவு பண்ணியிருக்கு. ஏன் திரும்பறாங்கன்னு அதுக்குத் தெரியாதுங்க. கணக்கு மட்டுந்தான் தெரியும்.”

“ஊருக்கும் ஏன்னு தெரியாது சார்,” என்றாள் ரூபாவதி.

நிரஞ்சன் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்கு வண்டி இல்லியா?”

“இருக்குங்க. உங்களுக்குன்னு ஒரு வண்டி போட்டிருக்கு. நாலு அம்பதுக்கு. மத்தவங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி.”

“எத்தினி பேரு வருவாங்க?”

“நீங்க மட்டுந்தான்.”

ரூபாவதி சிரித்தாள். வண்டியில் எத்தனை இருக்கை என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றார் நிரஞ்சன். இருபத்திரண்டு வண்டி வந்த காலத்திலும் ஒருநாள்கூட ஜன்னலோரம் கிடைத்ததில்லை, இப்போது எந்த ஜன்னல் என்று யோசிக்கிற நிலைமை வந்துவிட்டது என்றாள். வேண்டாமென்றால் எழுதிக் கொடுக்கலாம், மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று நிரஞ்சன் சொன்னார். அவர் குரலிலேயே பேசிப் பலனில்லை என்பது இருந்தது.

“வேலைக்குப் போவணும் சார்,” என்றாள் ரூபாவதி. “வண்டி கரீக்டா வருமா?”

“ஒரு நிமிஷம் தப்பாதுங்க.”

“அப்ப போதும்.”

போகும்போது நிரஞ்சன் கையிலிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அது தாகத்துக்கா வேறெதற்காகவா என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் படியிறங்கியபோது விடியவில்லை. பன்னிரண்டு கட்டடமும் இருட்டிக் கிடந்தன. ஆனால் தூங்கவில்லை. மூன்றாம் மாடியில் செல்லக்கிளியின் கதவுக்குப் பின்னால் கூடை தரையில் உரசும் சத்தம் கேட்டது, அவள் கடந்ததும் நின்றது. டில்லிபாபுவின் ஆட்டோ நின்ற இடத்தில் பீடி நெருப்பு ஒன்று தெரிந்தது, பிறகு கைக்குள் மறைந்தது. எல்லோரும் எழுந்து, குளித்து, அவள் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

வாசலில் நீலக் கம்பம் நின்றது. அறிவிப்பை நிறுத்திய பிறகு அது பழையபடி ‘எங்கே’ என்று கேட்க ஆரம்பித்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒருவர் விடாமல் கேட்டதை அவள் மேலேயிருந்து கேட்டாள். இன்றைக்குப் பதிலை அவள் யோசித்து வைத்திருந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. பிணவறைக்கு என்று பன்னிரண்டு கட்டடத்துக்கும் கேட்கிற மாதிரி சொல்லப் போகிறாள். அதன் முன்னால் போய் நின்றாள்.

கம்பத்தின் விளக்கு ஒருமுறை எரிந்தது. அட்டையைப் படித்துக்கொண்டது. எதுவும் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், ஒரு தடவை விரலால் தட்டியும் பார்த்தாள். மூன்று வருடமாக ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காமல் எங்கே, எங்கே என்று வழிமறித்த எங்கக்கா அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. ஏரிமேட்டோடு பழகிப் பழகி அதற்கும் அந்த ஊர் வழக்கம் படிந்துவிட்டது.

திருப்பத்தில் விளக்கு தெரிந்தது. வண்டி வந்து நின்றது. நாலு ஐம்பது. ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. உள்ளே நாற்பத்திரண்டு இருக்கையும் காலி. ஒரே ஆளுக்காக, வழியில் எங்கும் நிற்காமல், பிணவறை வாசலுக்கு வருகிற வண்டியை அவள் ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் வருகிறவர்கள் படுத்துக்கொண்டு வருவார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அவள் ஏறினாள். நடுவில் நிறுத்தமே இல்லாத வண்டி என்பதால், கதவு மூடித் தானாகப் பூட்டிக்கொண்டது.